ஆல்பனி வழக்கும் அண்டை வீட்டாரும்

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் தொடரப்பட்ட பயங்கரவாத வழக்குகளில் கணிசமானவை, நடந்து முடிந்த குற்றத்தைத் துப்புத் துலக்கியதால் எழுந்தவை அல்ல. எஃப்.பி.ஐ. எனப்படும் மத்தியப் புலனாய்வு அமைப்பு தானே ஒரு பொய்ச் சதியைப் புனைந்து, கூலிக்கு அமர்த்திய ஒற்றர் ஒருவர் மூலம் அதைச் சிலரிடம் கொண்டுசென்று, அவர்கள் உடன்படுகிறார்களா என்று பார்த்துத் தொடுத்த வழக்குகள் அவற்றுள் பல. ஸ்டிங் ஆபரேஷன் என்று செய்தித்தாள்கள் சொல்லும் இந்த முறையில் துப்பாக்கியும் வெடிகுண்டும் பணமும் அரசே கொண்டுவருபவை. ஒப்புக்கொண்ட மனம் மட்டுமே குற்றம் சாட்டப்பட்டவருடையது. இவ்வாறு தண்டனை பெற்றவர்களில் பலர் புலம்பெயர்ந்து வந்த முஸ்லிம்கள் என்பதால், தண்டனைக்குப் பிறகு அவர்களுடைய குடும்பங்களுக்குத் துணைநிற்க உறவினர் கூட்டமோ சொந்த ஊரோ அருகில் இருப்பதில்லை. அந்த இடத்தை அண்டை வீட்டார் எப்படி நிரப்பினர் என்பதற்கு, நியூயார்க் மாநிலத் தலைநகரான ஆல்பனியில் நடந்த வழக்கே மிக நன்றாகப் பதிவான சான்று.

அந்த நகரின் சென்ட்ரல் அவென்யூவில் உள்ள மஸ்ஜித் அஸ்ஸலாம் என்னும் சிறிய பள்ளிவாசலின் இமாமாக இருந்த யாசின் அரெஃப், ஈராக்கிலிருந்து சிரியா சென்று, அங்கிருந்து 1999இல் அகதியாக அமெரிக்கா வந்த குர்தியர். அவருடன் வழக்கில் சிக்கிய முகமது ஹுசைன், வங்கதேசத்திலிருந்து வந்து அமெரிக்கக் குடியுரிமை பெற்று, ஒரு பீட்சா கடை நடத்தியவர். 2003 கோடையில் ஹுசைனின் கடைக்கு வந்து, அவருடைய பிள்ளைகளுக்கு விளையாட்டு ஹெலிகாப்டர்களைப் பரிசளித்து நட்புப் பாராட்டிய ஷாகித் ஹுசைன் என்ற பாகிஸ்தானியர் ஓர் ஒற்றர். ஓட்டுநர் உரிம மோசடியில் அகப்பட்டு, தண்டனையைக் குறைத்துக்கொள்ளும் பொருட்டு எஃப்.பி.ஐ.க்கு வேலை செய்துகொண்டிருந்தவர். கடை நெருக்கடியில் இருந்த முகமது ஹுசைனுக்கு 50,000 டாலர் தருவதாகவும், அதில் 45,000 டாலரைத் திருப்பித் தந்தால் போதும், மீதி 5,000 அவருக்கே என்றும் அந்த ஒற்றர் பேரம் பேசினார். பின்னர் தோளில் வைத்துச் சுடும் ஏவுகணை ஒன்றைக் காட்டி, இத்தகைய ஆயுதம் ஜைஷ்-எ-முகமது என்ற தீவிரவாத அமைப்புக்குப் போகிறது, ஐ.நா.வுக்கான பாகிஸ்தான் தூதரைக் கொல்லப் பயன்படும், கடனாகத் தரும் பணம் அந்த வியாபாரத்தில் வந்தது என்றெல்லாம் கதை சொன்னார். ஏவுகணையும் கொலைத் திட்டமும் புனைவு. கைமாறிய டாலர் நோட்டுகள் மட்டுமே உண்மை.

இமாம் இதற்குள் வந்த வழி வேறு. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைத்து, நம்பிக்கையான ஒருவரைச் சாட்சியாக வைத்துக்கொள்வது இஸ்லாமிய வழக்கம் என்பதால், ஹுசைன் தம் பள்ளிவாசல் இமாமையே சாட்சியாக அழைத்தார். புலனாய்வின் உண்மையான இலக்கு தொடக்கத்திலிருந்தே அரெஃப்தான் என்பதும், ஹுசைன் அவரை எட்டுவதற்கான ஏணியாகவே பயன்பட்டார் என்பதும் வழக்கைப் பின்தொடர்ந்தவர்கள் பரவலாகச் சொல்லும் கருத்து. 2004 ஆகஸ்டில் இருவரும் கைதாயினர். 2006 அக்டோபர் 10 அன்று ஜூரி அளித்த தீர்ப்பில், ஹுசைன் தம்மீது சுமத்தப்பட்ட 27 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி எனக் காணப்பட்டார்; அரெஃப் 30இல் 20இலிருந்து விடுவிக்கப்பட்டு, 10இல் மட்டும் தண்டிக்கப்பட்டார். 2007 மார்ச்சில் இருவருக்கும் தலா 15 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

குற்றமே செய்திராத ஒருவரை அரசு தூண்டிவிட்டுப் பிறகு தண்டிப்பதைத் தடுக்க அமெரிக்கச் சட்டத்தில் ஒரு பாதுகாப்பு உண்டு. அதை உச்ச நீதிமன்றம் 1932இலேயே ஏற்றுக்கொண்டது. ஆனால் அரசு தூண்டியது என்று மெய்ப்பித்தால் மட்டும் போதாது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு முன்கூட்டியே அந்தக் குற்றத்தில் மனச்சாய்வு இருந்ததா என்ற கேள்வியும் எழும். பயங்கரவாத வழக்கில் இந்தச் சாய்வைக் காட்ட, ஒருவர் முன்பு பேசியது, படித்தது, யாரை அறிந்திருந்தார் என்பவையெல்லாம் சான்றாக வந்துவிடுகின்றன. அரெஃப் சிரியாவில் ஒரு குர்திய இஸ்லாமிய இயக்கத்தின் அலுவலகத்தில் வேலை செய்ததும், அவருடைய பழைய நாட்குறிப்புகளும் இவ்வாறே நீதிமன்றத்துக்கு வந்தன. எனவே தொலைவிலுள்ள நாட்டின் அரசியலை அறியாத ஜூரியின் முன் ஒரு புலம்பெயர்ந்தவரின் முழு வாழ்க்கையும் விசாரணைக்கு உள்ளாகிறது. உள்ளூரில் பிறந்தவருக்கு இந்தச் சுமை இவ்வளவு இல்லை.

அரசுத் தரப்பின் வாதத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஏவுகணை பற்றிய பேச்சுக்குப் பிறகும் ஹுசைன் பணத்தை வாங்கினார் என்பது ஒலி, ஒளிப்பதிவுகளில் உள்ளது. குண்டு வெடிக்கும்வரை காத்திருக்க முடியாது என்று புலனாய்வாளர்கள் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008இல் தண்டனையை உறுதிசெய்தது. ஆயினும் தாமாக ஓர் ஆயுதத்தையும் தேடாத, ஒரு திட்டத்தையும் தீட்டாத இருவரைப் பிடித்ததனால் எந்த ஆபத்து நீங்கியது என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்புகளில் விடை இல்லை.

தீர்ப்புக்குப் பின் ஆல்பனியில் உருவான முஸ்லிம் ஒருமைப்பாட்டுக் குழுவின் பெயர் முஸ்லிம்களுடையதாக இருந்தாலும், அதில் முன்னின்று உழைத்தவர்களில் பலர் முஸ்லிம் அல்லாத போர் எதிர்ப்பாளர்களும் ஓய்வுபெற்றவர்களும்தான். இதில் வியப்பில்லை. ஒற்றர் தொழுகை வரிசையிலேயே நிற்கக்கூடும் என்று தெரிந்துவிட்ட ஒரு பள்ளிவாசலில், கைதானவரின் வீட்டுக்குச் சோறு கொண்டுபோவதற்கும் மனிதர்கள் இருமுறை யோசிப்பார்கள். அச்சத்துக்குச் சட்டமும் காரணமாயிற்று: பயங்கரவாத அமைப்புகள் என்று அரசு பட்டியலிட்டவற்றுக்குப் ‘பொருளுதவி’ செய்வதைத் தடைசெய்யும் சட்டம் பணம், ஆயுதம் என்பவற்றோடு நில்லாமல் பயிற்சி, ஆலோசனை வரை நீளுகிறது. (இலங்கைத் தமிழருக்கும் குர்தியருக்கும் அமைதி வழிகளில் உதவ விரும்பிய அமைப்புகள் தொடுத்த வழக்கில்தான் 2010இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த விரிந்த பொருளை உறுதிசெய்தது.) சிறைசென்றவரின் மனைவி மக்களுக்கு வாடகைப் பணம் தருவது இந்தச் சட்டத்துக்குள் வராது, ஆனால் பெயரில் வெளிநாட்டு வாசம் வீசுகிற ஒருவர் அதைத் துணிந்து நம்புவது எளிதல்ல.

குழுவின் முக்கியமான முகங்களுள் ஒருவர் ஸ்டீவ் டவுன்ஸ். நீதிபதிகளின் நடத்தையைக் கண்காணிக்கும் மாநில ஆணையத்தில் வழக்கறிஞராகப் பணியாற்றியவர் அவர். 2003இல் ஆல்பனி அருகே ஒரு வணிக வளாகத்தில் அமைதியை வேண்டும் வாசகம் பொறித்த பனியனைக் கழற்ற மறுத்ததற்காகக் கைதாகி நாடறிந்தவரும் ஆனார். ஊதியம் பெறாமல் அரெஃபின் வழக்கில் உதவிய அவர், 2008இல் வேறு சிலருடன் சேர்ந்து ‘சலாம்’ என்ற சுருக்கப் பெயருடைய ஒரு திட்டத்தைத் தொடங்கினார். நாடெங்கும் இவ்வகை வழக்குகளைத் தொகுப்பதும் முஸ்லிம்களுக்குச் சட்ட ஆதரவு தேடுவதும் அதன் வேலை. பள்ளிவாசலின் தலைவராக இருந்த இயற்பியல் பேராசிரியர் ஷம்ஷாத் அகமது ஊரின் தரப்பை ஒரு நூலாகவே எழுதினார். அரெஃபும் சிறையிலிருந்து தம் வரலாற்றை எழுதி 2008இல் வெளியிட்டார்.

ஆனால் கூட்டங்களையும் நூல்களையும்விடக் குழுவின் ஆற்றலைச் சோதித்தது தொலைவுதான். 2007இல் அரெஃப் இண்டியானா மாநிலத்தின் டெர்ரே ஹோட் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். ஆல்பனியிலிருந்து அது ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. அங்கே கைதிகளின் வெளித்தொடர்பைக் கட்டுப்படுத்துவதற்கென்றே ஒரு தனிப் பிரிவு 2006 டிசம்பரில் திறக்கப்பட்டிருந்தது. அதில் அடைக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அப்போது தொலைபேசி அழைப்பு ஒவ்வொன்றும் பதினைந்து நிமிடம், அதுவும் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ. ஒட்டுக்கேட்க வசதியாக ஆங்கிலத்தில் பேச வேண்டியிருந்தது. நேரில் வந்த பிள்ளைகளும் கண்ணாடிச் சுவருக்கு இப்பாலிருந்துதான் தந்தையைப் பார்க்க முடிந்தது. குர்திய மொழியில் பேசிப் பழகிய ஒரு குடும்பத்துக்கு ஆங்கில விதி எத்தகைய தண்டனை என்பதை விளக்கத் தேவையில்லை. இந்தப் பிரிவில் கைதிகளை அடைக்கும் முறையை எதிர்த்து 2010இல் அரெஃபின் பெயரில் வழக்குத் தொடரப்பட்டது. 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், உரிய நடைமுறையின்றி அங்கே அடைப்பது பற்றிக் கேள்வி கேட்கக் கைதிகளுக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது.

இதற்கிடையே, 2010 ஏப்ரலில் ஆல்பனி நகர மன்றம், இத்தகைய வழக்குகளில் தண்டிக்கப்பட்ட முஸ்லிம்களின் நிலையைச் சுயேச்சையாக மறுஆய்வு செய்யுமாறு அமெரிக்க அரசின் நீதித்துறையைக் கோரும் தீர்மானத்தை நிறைவேற்றியது. டவுன்ஸும் இன்னொரு வழக்கறிஞரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு, அரசே பட்டியலிட்ட 399 வழக்குகளை அலசி, 72.4 விழுக்காட்டை ‘முன்கூட்டிய வழக்கு’, அதாவது குற்றம் நடக்குமுன்பே சந்தேகத்தின்பேரில் தொடுக்கப்பட்ட வழக்கு, என்று வகைப்படுத்தியது. ஆதரவாளர்களே அளவுகோலை வகுத்தார்கள் என்பதால் அந்த எண்ணைச் சற்று எச்சரிக்கையுடனேயே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அதே ஆண்டில் மனித உரிமைக் கண்காணிப்பகம் வெளியிட்ட அறிக்கையும், 500க்கும் மேற்பட்ட தண்டனைகளில் ஏறத்தாழப் பாதி ஒற்றர்களைச் சார்ந்தவை என்றே சொன்னது.

ஆல்பனியில் வேலை செய்த அதே ஒற்றர் பின்னர் நியூபர்க் நகரில் நால்வரைச் சிக்கவைத்தார். 2009இல் கைதான அவர்களுக்கு 25 ஆண்டுச் சிறை விதித்த நீதிபதி கோலீன் மக்மஹோன், அரசின் நடத்தையை அப்போதே கடிந்தாலும், சட்டம் வகுத்த குறைந்தபட்சத்துக்குக் கீழே போக முடியவில்லை. 2023இல் மூவரையும் 2024 தொடக்கத்தில் நான்காமவரையும் கருணை அடிப்படையில் விடுவிக்க உத்தரவிட்டபோது, சதியின் உண்மையான தலைவன் அமெரிக்க அரசே என்னும் அளவுக்கு அவர் எழுதினார். ஆல்பனி வழக்குக்கு அத்தகைய வாய்ப்புக் கிட்டவில்லை. நகர மன்றம் கேட்ட மறுஆய்வும் நடக்கவில்லை.

தண்டனைக் காலம் முடிவதும் எல்லாருக்கும் ஒன்றல்ல. ஹுசைன் குடிமகன் என்பதால் நாட்டைவிட்டு அனுப்ப முடியாது. அகதியாக வந்த அரெஃப் 2018 அக்டோபரில் சிறையிலிருந்து வெளிவந்ததும் குடிவரவுத் துறையின் காவலுக்கு மாற்றப்பட்டு, 2019இல் ஈராக்குக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்.