காய்ச்சல் விட்டது, கவனத்தை விடலாமா?

வியாழக்கிழமை. அய்யலூர் ஆட்டுச் சந்தைக்கு அப்பா கிளம்பிக்கொண்டிருக்கிறார். ஞாயிறு முதல் காய்ச்சலில் படுத்திருந்த தம்பிக்கு இன்று உடம்பு சுடவில்லை. வெப்பமானி 98 டிகிரி காட்டுகிறது. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் அது டெங்குக் காய்ச்சலாக இருந்தால், மிகக் கவனமாக இருக்கவேண்டிய நேரம் இதுதான். ஏன் தெரியுமா?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். பெரியவர் ஒருவரின் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம் உண்டு. அதில் ஏறக்குறைய 2 லிட்டர் அணுக்கள். 3 லிட்டர் பிளாஸ்மா என்னும் நீர்மம். டெங்குவில் 3 முதல் 7 நாட்களுக்குள், காய்ச்சல் இறங்கும்போது, சிலருக்கு நுண்குழாய்களின் சுவர் வழியே பிளாஸ்மா கசிகிறது. 1 லிட்டர் கசிந்துவிட்டால்? 5-க்கு 2 ஆக, அதாவது 40 சதவீதமாக இருந்த அணுக்கள், 4-க்கு 2 ஆக, 50 சதவீதமாகிவிடும். இரத்தம் கெட்டிப்படும்; அளவு குறையும்; அழுத்தம் விழும். சிறுவர் உடலில் இரத்தமே குறைவு; சிறு கசிவும் பெரிது. வெப்பமானி இதைக் காட்டாது. இரத்தச் சோதனையில் பார்க்கும் ‘ஹெமட்டோகிரிட்’ காட்டும்.

அப்படியானால் எல்லாரும் மருத்துவமனையில் படுக்கவேண்டுமா? வேண்டியதில்லை. டெங்கு வைரஸைக் கொல்லும் மருந்து இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. உடலே அதை வெல்கிறது. மருத்துவர் பார்த்த பின், நன்றாக நீர் குடித்து, 6 மணிக்கு ஒரு முறையாவது சிறுநீர் கழிப்பவரை வீட்டில் வைத்துப் பார்க்கலாம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், மருத்துவர் சொன்ன அளவில். ஆஸ்பிரின், இபுபுரூபன் கூடாது. அவை இரத்தக் கசிவைக் கூட்டும்.

கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், அதிகச் சோர்வு அல்லது அமைதியின்மை, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனை. அங்கே இழந்த நீரை அளந்து நரம்பு வழியாக ஏற்றுவார்கள். கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர், நீரிழிவுக்காரர் ஆகியோருக்கு அறிகுறிக்குக் காத்திருக்காமலே மருத்துவர் சேர்க்கச் சொல்லலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டி, வீட்டின் தொலைவையும் ஒரு காரணமாகச் சேர்த்திருக்கிறது. மலையடிவாரத்துச் சிற்றூரில் நள்ளிரவில் வண்டி கிடைக்குமா? அதைப் பகலிலேயே யோசிக்கவேண்டும்.

2012-இல் தமிழ்நாட்டில் 12,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. 66 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பிழைக்கும் நோய்தான். நேரம் தவறினால் ஆபத்தான நோய்.

தம்பியின் கட்டிலருகே ஒரு தாளைத் தொங்கவிடுங்கள். எத்தனை டம்ளர் குடித்தான், எப்போது சிறுநீர் கழித்தான் என்று குறியுங்கள். காய்ச்சல் விட்ட பின்னும் இரண்டு நாள் குறியுங்கள். மருத்துவர் முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.