மண்ணின் எடை அறிதல்

நுழையும்முன்

நாம் நிற்கும் நிலம் அசைவற்றது என்று எண்ணுகிறோம். உண்மையில், அதன் ஒவ்வோர் அடுக்கும் மேலுள்ள எடையைத் தாங்கியும் கீழுள்ள விசையை அடக்கியும் நிற்கிறது. அந்தச் சமநிலையை அறியாமல் தோண்டினால் பேரிழப்பு நேரும். அறிந்து தோண்டினால் நாட்டுக்கு ஒளி கிடைக்கும். இதற்குச் சான்றாக நம் மாநிலத்திலேயே ஓர் ஊர் உள்ளது. அதுவே நெய்வேலி.

கிணறு காட்டிய கருமை

‘கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது’ என்பது பழமொழி. 1930-களில், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தின் நெய்வேலிப் பகுதியில், ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டினார். நீரோடு கரிய துகள்களும் வெளிவந்தன. முந்திரியும் பலாவும் விளையும் அந்தச் செம்மண்ணின் அடியில் பழுப்பு நிலக்கரி இருப்பதை உலகுக்கு முதலில் அறிவித்தது அந்தக் கிணறே. 1940-களில் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் துளையிட்டு ஆராய்ந்தது. 1956ஆம் ஆண்டு நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. 1957ஆம் ஆண்டு சுரங்கப் பணியைப் பிரதமர் நேரு தொடங்கி வைத்தார். ஆனால், நிலக்கரி முதன்முதலாகக் கண்ணுக்குப் புலப்பட்டது 1961ஆம் ஆண்டில்தான். மேல்மண்ணை அகற்றவே நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

இந்தக் கதையில் ஒரு குறிப்பை நாம் எளிதில் கடந்துவிடுகிறோம். கிணற்றில் கரி மட்டும் வரவில்லை; நீரும் வந்தது. நெய்வேலிப் பொறியாளர்கள் எதிர்கொண்ட மிகப்பெரிய சிக்கல் அந்த நீரே.

அடுக்கடுக்கான நிலம்

நெய்வேலியின் நிலத்தை மேலிருந்து கீழாகப் படித்தால் மூன்று பகுதிகளைக் காணலாம். முதலில், மணலும் களிமண்ணும் கடினமான மணற்கல்லும் கலந்த மேல்மண். இது பல இடங்களில் 50 மீட்டருக்கும் மேற்பட்ட தடிப்புடையது. அடுத்து, பல மீட்டர் தடிப்புள்ள பழுப்பு நிலக்கரிப் படிவு. அதற்கும் கீழே, நீர் நிறைந்த மணற்படுகை.

இந்தப் படுகையின் நீர் கிணற்றில் அமைதியாகக் கிடக்கும் நீரைப் போன்றதன்று. படுகை மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் சரிந்து செல்கிறது. மேற்கே உயரமான இடங்களில் பெய்யும் மழை அதனுள் இறங்குகிறது. கிழக்கே வரவர, நீர் எளிதில் ஊடுருவ இயலாத அடுக்குகள் அதனை மூடியாக அழுத்தி நிற்கின்றன. ஊரின் மேல்நிலைத் தொட்டியில் உள்ள நீர், தெருக்குழாயைத் திறந்ததும் விசையோடு பாய்வதைப் பார்த்திருப்பீர்கள். அதே முறையில் இந்நீரும் அழுத்தத்துடன் அடைபட்டுக் கிடக்கிறது. நிலக்கரிப் படிவின் அடிப்பகுதியில் அது மேல்நோக்கிச் செலுத்தும் அழுத்தம், ஒரு சதுரச் சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 6 முதல் 8 கிலோ கிராம் ஆகும்.

மேலே எடை, கீழே விசை

இந்த எண்ணின் பொருளை ஓர் எளிய கணக்கால் உணரலாம். ஒரு சதுரச் சென்டிமீட்டருக்கு 6 கிலோ கிராம் என்பது, ஒரு சதுர மீட்டருக்கு 60 டன். ஓரிடத்தில் மேல்மண் 80 மீட்டரும் நிலக்கரி 15 மீட்டரும் இருப்பதாகக் கொள்வோம். ஒரு கன மீட்டர் மேல்மண்ணின் எடை ஏறத்தாழ 2 டன். எனவே, ஒரு சதுர மீட்டர்ப் பரப்பின்மேல் 160 டன் மண் அமர்ந்துள்ளது. நிலக்கரி மண்ணைவிட மிக இலேசானது. 15 மீட்டர் நிலக்கரியின் எடை ஏறத்தாழ 17 டன்தான். ஆக, கீழிருந்து உந்துவது 60 டன். மேலிருந்து அழுத்துவது 177 டன். நிலம் அமைதியாக இருக்கிறது.

இப்போது மேல்மண் முழுவதையும் அகற்றிவிடுகிறோம். மேலே எஞ்சியிருப்பது 17 டன் மட்டுமே. கீழிருந்து உந்தும் 60 டன் குறையாமல் அப்படியே உள்ளது. நிலக்கரிப் படிவு உப்பி வெடிக்கும். நீர் பீறிட்டுச் சுரங்கத்தை மூழ்கடிக்கும். அங்கே பணிபுரிவோர் உயிருக்கும் பொறிகளுக்கும் காப்பில்லை. பயனற்றது என நாம் கருதி நீக்கிய மண், அதுவரை ஒரு மூடியாக இருந்து நீரை அடக்கியிருந்தது என்னும் உண்மை இங்கே புலனாகிறது.

முதலில் அளவை, பிறகு அகழ்வு

ஆகவே, மண்ணை எடுப்பதற்கு முன்பே நீரின் அழுத்தத்தைக் குறைத்தாக வேண்டும். எத்தனை கிணறுகள் தேவை? அவற்றை எவ்வளவு இடைவெளியில் அமைப்பது? இவற்றைக் கண்டறிய மேற்கொள்ளப்படுவதே நீரிறைப்புச் சோதனை. ஒரு கிணற்றிலிருந்து இடைவிடாமல் நீரை இறைத்து, சுற்றிலும் வெவ்வேறு தொலைவுகளில் அமைத்த நோக்குக் கிணறுகளில் நீர்மட்டம் எவ்வளவு, எவ்வளவு விரைவாகத் தாழ்கிறது என்று அளப்பார்கள். இறைக்கும் கிணற்றருகே மட்டம் மிகுதியாகவும், விலகிச் செல்லச்செல்லக் குறைவாகவும் தாழும். நிலத்தினுள் கூம்பு வடிவில் ஒரு குழிவு தோன்றும். அதன் வடிவமே, மணற்படுகை நீரை எவ்வளவு எளிதாகக் கடத்துகிறது என்பதைக் கூறிவிடும். பல கிணறுகளின் குழிவுகள் ஒன்றோடொன்று கலக்குமாறு அவற்றை அமைத்தால், சுரங்கத்தின் அடியில் அழுத்தம் தேவையான அளவுக்குக் குறையும்.

சுரங்கம் முன்னேறும்போது கிணறுகளும் இடம் மாறுகின்றன. இரவும் பகலும் நீர் இறைக்கப்படுகிறது. இறைப்பு நின்றால் அழுத்தம் மீண்டும் ஏறத் தொடங்கும். நிலக்கரியிலிருந்து மின்சாரம் பெற நீரை இறைக்க வேண்டும்; நீரை இறைக்க மின்சாரம் வேண்டும். இவ்விரண்டும் ஒன்றையொன்று சார்ந்தே நெய்வேலி இயங்குகிறது.

பொறி நிற்கும் தரை

வாளிகள் பொருத்திய மாபெரும் சக்கரம் சுழன்று மண்ணை வெட்டும் அகழ்பொறிகள், இங்கு ஜெர்மானியத் தொழில்நுட்பத்தைக் கொண்டு பயன்படுத்தப்பட்டன. மென்மையான மண்ணுக்கு உகந்த அந்தப் பொறிகளுக்கு இங்குள்ள மணற்கல் அறைகூவலாக அமைந்தது. வாளிப்பற்கள் விரைவில் தேய்ந்தன. எனவே, கடின அடுக்கில் துளையிட்டு, வெடிவைத்துத் தளர்த்திய பின்னரே வெட்டும் முறை கையாளப்பட்டது. பொறி ஒரு நாட்டுடையதாக இருக்கலாம், மண் நம்முடையது. வேற்றுநாட்டு அறிவை நம் மண்ணுக்கேற்பப் பொருத்துவதும் ஆராய்ச்சியே ஆகும்.

கட்டடத்துக்கு அடித்தளம் தேவைப்படுவது போல, இந்தப் பொறிகளுக்கும் உறுதியான தரை தேவை. அவற்றின் எடையை அகன்ற சங்கிலித் தடங்கள் பரப்பித் தாங்குகின்றன. மழைநீர் தேங்கிக் களிமண் இளகினால் தடம் புதையும். படிப்படியாக வெட்டப்பட்ட மண்சுவரும் நீரேறினால் சரியும். ஆகவே, சரிவின் கோணம், படியின் உயரம், வடிகாலின் போக்கு ஆகிய அனைத்தும் மண்ணின் வலிமையை ஆய்வுக்கூடத்தில் சோதித்தே முடிவு செய்யப்படுகின்றன.

இறைத்தலுக்கும் எல்லை உண்டு

அப்படியானால் எவ்வளவு வேண்டுமானாலும் நீரை இறைத்துவிடலாமா? கூடாது. மண்துகள்களுக்கு இடையே உள்ள நீரும் சுமையில் ஒரு பங்கைத் தாங்குகிறது. நீரின் அழுத்தம் குறைந்தால் அந்தப் பங்கும் துகள்களின்மேல் விழும். துகள்கள் நெருங்க, களிமண் அடுக்குகள் சுருங்கும். மேலுள்ள தரையும் தாழும். மெக்சிகோ நகரம் நிலத்தடி நீரை மிகுதியாக எடுத்ததனால் பல மீட்டர் தாழ்ந்து போனது.

நீர்மட்டக் குழிவுக்குச் சுரங்க வேலி ஓர் எல்லையன்று. அது அயலூர் உழவரின் கிணற்றையும் சென்றடையக்கூடும். கிழக்கே கடலும் வெகுதொலைவில் இல்லை. நன்னீரின் அழுத்தம் அளவுக்கு மீறிக் குறையுமானால் உவர்நீர் உட்புகும் இடர் உண்டு. எனவே, ‘பாதுகாப்புக்குத் தேவையான அளவு மட்டும்’ என்பதே இறைப்பின் நெறியாக இருத்தல் வேண்டும். அந்த அளவைத் துல்லியமாகக் கண்டறிவது ஆராய்ச்சியின் பணி. இறைத்த நீரை வீணாக்காமல் ஏரிகளுக்கும் பாசனத்துக்கும் குடிநீருக்கும் பயன்படுத்துவதும் இந்நெறியைச் சேர்ந்ததே.

எடுத்ததைத் திரும்ப இடுதல்

நிலக்கரி எடுக்கப்பட்ட பள்ளத்தில், முன்பக்கம் வெட்டிய மேல்மண் கொண்டுவந்து நிரப்பப்படுகிறது. பள்ளத்தை மூடுவது மட்டுமே இதன் நோக்கம் என்று கருதுவோர் உண்டு. முன்பு செய்த கணக்கை நினைவிற் கொள்ளுங்கள். நிரப்பிய மண்ணின் எடை மீண்டும் நீரை அடக்கும் மூடியாகிறது. அங்கே இறைப்பின் தேவை குறைகிறது. எடுத்த எடையை நிலத்துக்குத் திருப்பிக் கொடுத்தால்தான் பழைய சமநிலை மீளும்.

ஆனால், நிரப்பிய மண் உடனே விளைநிலம் ஆகிவிடாது. அடியாழத்து மண் மேலே வந்திருக்கும். அதில் உரம் இராது. எருவிட்டு, மரம் வளர்த்து, பல ஆண்டுகள் பேணிய பின்னரே அது உயிர்பெறும். சுரங்கத்துக்காகத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீட்டையும் வயலையும் விட்டு அகன்ற குடும்பங்கள் பல. நம் வீட்டில் எரியும் விளக்கில் அவர்களுடைய நிலத்தின் பங்கும் உள்ளது. அந்த மண்ணைச் செம்மையாகத் திருத்துவதும், அம்மக்களின் வாழ்வை நிலைநிறுத்துவதும் அறிவியலோடு அறமும் சேர்ந்த கடமைகள்.

ஒரு பிடி மண்ணை எடுக்கும் முன், ‘இது எதைத் தாங்கி நிற்கிறது? எதை அடக்கி நிற்கிறது? எடுத்தபின் அந்த இடத்தில் எதை வைப்போம்?’ என்று கேட்க வேண்டும். சுரங்கம் தோண்டுவோர்க்கும் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டுவோர்க்கும் இக்கேள்விகள் பொதுவானவை.

தெரிந்து தெளிவோம்

மண்துகள்களும் அவற்றிடையே உள்ள நீரும் சுமையைப் பகிர்ந்து தாங்குகின்றன என்னும் கோட்பாட்டை வகுத்தவர் கார்ல் டெர்சாகி (1883–1963). பிராகு நகரில் பிறந்த இவர் 1925ஆம் ஆண்டு வெளியிட்ட நூல், மண் விசையியல் என்னும் துறைக்கு அடிப்படையாக அமைந்தது. இவரை அத்துறையின் தந்தை எனப் போற்றுவர்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் கிணறு தோண்டிய அனுபவமுள்ள பெரியவர்களிடம் உரையாடி, எத்தனை அடி ஆழத்தில் எவ்வகை மண் கிடைத்தது என்பதை வரைபடமாக வரைக.
2. மேல்மண் 60 மீட்டர், நிலக்கரி 20 மீட்டர் எனக் கொண்டு, பாடத்தில் உள்ள கணக்கைச் செய்து பார்த்து, முடிவை வகுப்பில் விளக்குக.
3. ‘வளர்ச்சியும் நிலத்தின் உரிமையும்’ என்னும் தலைப்பில் கலந்துரையாடல் நிகழ்த்துக.