வேங்கைக் குவளையும் சர்க்கரை வியாதியும்

ஜவ்வாது மலை என்றதும் நமக்குச் சந்தனமே நினைவுக்கு வருகிறது. திருப்பத்தூர் மாவட்டத்து நெல்லிவாசல்நாடு, புதூர்நாடு முதலிய மலையூர்கள் அமைந்த அம்மலைத்தொடரின் காடுகளில் மற்றொரு செல்வமும் உண்டு. அது வேங்கை. அதன் பட்டையைக் கீறினால் இரத்தம்போல் வடியும் பாலைக் கொண்டு குழந்தைக்குப் பொட்டிடும் வழக்கத்தை நம் பாட்டிமார் அறிவர். இன்றோ, வேங்கை வைரத்தில் கடைந்த குவளைகள் சர்க்கரை வியாதியுள்ள இல்லங்களில் இடம்பெற்றுவிட்டன. இரவில் நீரூற்றி வைத்துக் காலையில் வெறும் வயிற்றில் பருகுகின்றனர். "இனி மாத்திரை எதற்கு?" என்றும் சிலர் கேட்கின்றனர். அக்கேள்வியே நம்மை இதை எழுதத் தூண்டியது.

குவளையில் ஊறிய நீர் பழுப்பேறி, வெளிச்சத்தில் நீலச் சாயல் காட்டும். மெக்சிகோவிலிருந்து கிடைத்த வேறொரு மரக்கிண்ணத்தில் இத்தகைய விந்தையைக் கண்டு, 1646இல் எழுதி வைத்தவர் அத்தனாசியுஸ் கிர்ஷர் என்ற இயேசு சபைக் குரு. ஆனால் நிறம் மருந்தன்று. மரத்திலுள்ள ஏதோ நீரில் இறங்கியிருக்கிறது என்பதற்கே அது சான்று.

இறங்குவன யாவை? வேங்கை அவரைக் குடும்பத்து மரம். சோயா, கொள்ளு முதலிய அக்குடும்பத்துத் தாவரங்களில் மிகுதியாகக் காணப்படுபவை ஐசோஃபிளவோன் என்னும் சேர்மங்கள். வேங்கையின் வைரத்திலும் அவ்வகைப் பொருள்கள் உள்ளன. எனினும் சர்க்கரை குறையும் பெருமையை அவற்றுக்கே அளித்துவிட இயலாது. டெரோஸ்டில்பீன், எபிகாட்டெசின் போன்ற வேறு இனச் சேர்மங்களும் இம்மரத்தில் உண்டு.

பயன் உண்டா எனில், உண்டு என்றே தோன்றுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கு மையங்களில் நடத்திய ஆய்வின் முடிவு 1998இல் வெளிவந்தது. புதிதாக நோய் கண்ட 97 பேருக்கு வேங்கைச் சாரம் கொடுத்ததில், 12 வாரங்களில் 67 பேருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. பெரும்பாலோருக்கு நாளொன்றுக்கு 2 கிராம் போதுமானதாயிற்று. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் உண்டது நிறுத்து அளந்த சாரம். மருத்துவர் அவ்வப்போது இரத்தத்தைச் சோதித்து அளவைக் கூட்டினார். நம் வீட்டுக் குவளையில் எவ்வளவு இறங்குகிறது என்று யார் அளந்தார்? புதுக்குவளை தருவதை ஆறு மாதம் ஊறிய குவளை தருமா?

'பச்சிலைதானே, கெடுதல் என்ன?' என்பதும் சரியன்று. 1940களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒருவகைக் குளோவர் தீவனத்தை மேய்ந்த செம்மறியாடுகள் பெருமளவில் ஈனாமற் போயின. அதிலிருந்த ஃபார்மோனோனெட்டின் என்ற ஐசோஃபிளவோன், உடலுக்குள் சென்றதும் பெண்மைச் சுரப்புநீரைப் போல் வேலை செய்ததே காரணம். வேங்கை நீர் அவ்வாறு செய்யும் என்று நாம் கூறவில்லை. தாவரப் பொருளுக்கும் வலிமை உண்டு என்கிறோம்.

குவளை நீரைப் பருக விரும்புவோர் தம் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். மாத்திரையும் இதுவும் சேர்ந்து சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கினால் வியர்வை, நடுக்கம், மயக்கம் வரும். சிறு வயதிலேயே இன்சுலினை நம்பி வாழும் பிள்ளைகளின் நிலை முற்றிலும் வேறு. அவர்களது உடலில் இன்சுலின் சுரப்பதே இல்லை எனலாம். ஊசியை நிறுத்திவிட்டுக் குவளையை நீட்டினால், சில நாள்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரும்.