ஆறு வோல்ட் செவர்லேக்குப் பன்னிரண்டு வோல்ட்

பழைய மோட்டார் வண்டியைப் புதுப்பித்தல் என்றால் துருவைச் சுரண்டிப் பளபளவென்று பெயிண்ட் அடிப்பது என்றே பலரும் எண்ணுகிறார்கள். பெயிண்டு கண்ணுக்குத் தெரிகிற வேலை. கண்ணுக்குத் தெரியாத வேலை ஒன்று உண்டு. அது வண்டியின் உடம்புக்குள் நரம்பு போல ஓடும் ஒயர்களின் வேலை. வண்டி எரியுமா, ஓடுமா என்பதை முடிவு செய்வது அதுதான்.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டில் 1952-ஆம் ஆண்டுச் செவர்லே பிக்கப் ஒன்று இருக்கிறது. அவளுடைய கொள்ளுத்தாத்தா சைகோனில் பிரெஞ்சுப் படையில் பணியாற்றித் திரும்பிய ஒரு ‘சொல்தா’. ஊர் வந்ததும் கை மாறி வந்த அந்த வண்டியை வாங்கிப் பாகூரிலிருந்து நெல் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். பிறகு தாத்தா ஓட்டினார். ஒரு மழைக்கால இரவில் டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை வந்தது. அன்று கொட்டகையில் நிறுத்தியதுதான். பல ஆண்டுகள் கோழிகள்தாம் அதில் குடியிருந்தன. பாரிஸில் இருக்கும் பெரியப்பா எடைக்குப் போட்டுவிடலாம் என்றார். ஆயாவோ, “நான் கல்யாணமாகி வந்த வண்டி அது. புகை வராது என்று யாராவது உறுதி சொன்னால் திரும்பவும் ஏறுவேன்” என்று சொல்லிவிட்டார். அந்த உறுதியைத் தரும் பொறுப்பு முத்தியால்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் தோழியின் மாமாவுக்கு வந்தது. விடுமுறையில் நாங்கள் நால்வர் பிற்பகல்தோறும் அங்கே சென்று, பார்த்தும் கேட்டும் கை கொடுத்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928-இல் பம்பாய் ஸேவ்ரியில் ஒரு தொழிற்சாலை அமைத்து, அமெரிக்காவிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டிச் செவர்லே கார்களையும் லாரிகளையும் விற்றது. உள்நாட்டிலேயே பாகங்களைத் தயாரிக்காதவர்கள் பூட்டும் வேலை மட்டும் செய்யக்கூடாது என்று அரசு கொள்கை வகுத்ததும் 1954-இல் அது மூடப்பட்டது. அதே 1954 நவம்பர் 1-ஆம் நாள்தான் புதுச்சேரியின் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது என்பதை எங்கள் வகுப்பில் ஒருத்தி உடனே கண்டுபிடித்துச் சொன்னாள். இந்த மாடல் பிக்கப்பை உலகம் 1947-இல் கண்டது. முன்புறம் படுக்கைவாட்டில் ஐந்து கம்பிகள், உருண்டை முகம், 216 கன அங்குல ஆறு சிலிண்டர் என்ஜின். செல்ஃப் எடுக்கச் சாவியைத் திருப்பினால் போதாது. ஆக்ஸிலரேட்டருக்குப் பக்கத்தில் உள்ள சிறு பெடலைக் காலால் மிதிக்க வேண்டும்.

ஒரு செய்தி எங்களைத் திடுக்கிட வைத்தது. இந்த வண்டியில் பெட்ரோல் டேங்க் வெளியே இல்லை. ஓட்டுநர் இருக்கையின் முதுகுக்குப் பின்னால், அதே அறைக்குள் இருக்கிறது! அப்படியானால் டாஷ்போர்டில் வந்த புகையை அற்பமாக எண்ணத்தான் முடியுமா?

பேட்டரியிலிருந்து தொடங்குவோம். ஈய-அமில பேட்டரியில் ஓர் அறை ஏறத்தாழ 2 வோல்ட் தரும். மூன்று அறை சேர்ந்தால் 6 வோல்ட், ஆறு அறை சேர்ந்தால் 12. அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் 6 வோல்ட்தான். செவர்லே பிக்கப்புக்கு 1955-இல்தான் 12 வோல்ட் வந்தது. நம் அப்பாக்கள் ஓட்டிய ராஜ்தூத், யெஸ்டி மோட்டார் சைக்கிள்களிலும் 6 வோல்ட்தான். அவற்றின் விளக்கு மெழுகுவத்தி போல எரிந்ததைப் பெற்றோர்கள் நினைவு வைத்திருப்பார்கள்.

6 வோல்ட்டில் என்ன குறை? பத்தாம் வகுப்புப் பாடத்தில் உள்ள ஓம் விதியே விடை சொல்கிறது. முன் விளக்கு ஒன்று 45 வாட்; இரண்டும் சேர்ந்து 90 வாட். 6 வோல்ட்டில் இதற்கு 15 ஆம்பியர் ஓட வேண்டும். 12 வோல்ட்டில் 7.5 ஆம்பியர் போதும். பழைய ஒயர், துருப்பிடித்த சுவிட்ச், தளர்ந்த முனைகள் எல்லாம் சேர்ந்து 0.1 ஓம் தடை என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 6 வோல்ட் வண்டியில் வழியிலேயே 1.5 வோல்ட் தொலைந்துவிடும். அதாவது கால் பங்கு! 12 வோல்ட் வண்டியில் தொலைவது 0.75 வோல்ட், பதினாறில் ஒரு பங்கு. விளக்கு ஏன் மங்குகிறது என்பது இப்போது விளங்கும். இன்னொன்றும் உண்டு. ஒயரில் வெப்பமாக வீணாவது மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. முதல் வகையில் 22.5 வாட், இரண்டாவதில் 5.6 வாட். அந்த 22.5 வாட்டும் ஒரே ஒரு தளர்ந்த ஸ்குரூவின் அடியில் சேர்ந்தால்? ரப்பர் உருகும், துணி உறை கருகும். அன்றிரவு வந்த புகையின் வரலாறு இதுவே. நம் ஊர்க் கடற்காற்றின் உப்பு அந்த முனைகளை அரித்து, தடையை ஆண்டுக்கு ஆண்டு கூட்டியிருக்கிறது.

பட்டறையில் இதைப் பற்றி ஒரு வாக்குவாதமே நடந்தது. பழைய மெக்கானிக் தாத்தா ஒருவர், “தடித்த ஒயரும் சுத்தமான முனையும் இருந்தால் ஆறு வோல்ட்டே போதும், கம்பெனிக்காரன் முட்டாளா?” என்று கேட்டார். அவர் சொல்வதில் உண்மை உண்டு. முனைகள் சுத்தமாக இருந்தவரையில் அந்த வண்டிகள் குறையின்றி ஓடின. ஆனால் இன்று 6 வோல்ட் பல்பும் பேட்டரியும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பாகூர்ச் சாலையில் இரவில் பல்பு போனால் எந்தக் கடையில் கேட்பது? ஆகவே 12 வோல்ட் என்று மாமா முடிவு செய்தார். எங்களுக்கும் அதுவே சரியென்று பட்டது.

முதல் வேலை பழைய ஒயர்களைக் கழற்றுவது. இதை எங்களிடம் விட்டார்கள். ஒவ்வொரு முனையிலும் அட்டைத்துண்டு கட்டி, எங்கிருந்து எங்கே போகிறது என்று எழுதி, பெரிய தாளில் படம் வரைந்தோம். தொட்ட இடமெல்லாம் ரப்பர் அப்பளம் போல நொறுங்கியது. புதிதாகப் போட்டது பி.வி.சி. உறையுள்ள செம்பு ஒயர். தோற்றம் கெடாதிருக்க அதன்மேல் கறுப்புத் துணி உறை போர்த்தினார்கள். எல்லாப் பிரிவுக்கும் தனித்தனி ஃபியூஸ் வைத்து, பேட்டரி அருகில் மொத்த மின்சாரத்தையும் துண்டிக்கும் ஒரு சுவிட்சும் வைத்தார்கள். விளக்கின் மின்னோட்டம் டாஷ்போர்டு சுவிட்ச் வழியாகப் போகாமல் ரிலே வழியாகப் போகிறது. ஆயாவுக்குத் தந்த உறுதி உண்மையில் இந்தப் பத்தியில்தான் அடங்கியிருக்கிறது. ஃபியூஸ் என்பது வேண்டுமென்றே பலவீனமாக வைத்த ஓர் இடம். அது முதலில் உருகிவிடுவதால் ஒயர் உருகாது.

அடுத்தது டைனமோ. என்ஜின் மெதுவாகச் சுற்றும்போது பழைய டைனமோ பேட்டரியைச் சார்ஜ் செய்யாது. நேரு வீதி நெரிசலில் நின்று நின்று போனால் பேட்டரி இறங்கிவிடும். அதற்குப் பதிலாக ஆல்டர்னேட்டர் வைத்தார்கள். இது மாறுமின்னோட்டத்தை உண்டாக்கி, டையோடுகளின் மூலம் நேர்மின்னோட்டமாக்கித் தருகிறது. சென்னைப் பாடியில் உள்ள, 1961-இல் தொடங்கப்பட்ட லூகாஸ்-டிவிஎஸ் போன்ற நிறுவனங்களால் இது நம் நாட்டில் தாராளமாகக் கிடைக்கும் பொருளாயிற்று. பழைய பெல்ட் அகலமானது, புதிய புல்லி குறுகலானது. அதனால் லேத்தில் ஒரு புல்லி கடைந்தார்கள். பேட்டரியின் எந்த முனை வண்டியின் உடம்போடு இணைந்திருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். செவர்லேயில் எதிர்முனை, பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் நேர்முனை. மாற்றிக் கொடுத்தால் டையோடுகள் நொடியில் போய்விடும்.

காயிலை 12 வோல்ட்டுக்கு மாற்றினார்கள். மாற்றாவிட்டால் பாயிண்ட் கருகிப்போகும். பல்புகள் எல்லாம் மாறின. முன் விளக்கு 7 அங்குல வட்டம். அம்பாசடர் காருக்கும் அதே அளவுதான் என்பதால் தேட வேண்டியிருக்கவில்லை. ஆயில் பிரஷர், வெப்பமானி ஆகியவை மின்சாரமே இல்லாதவை. வைப்பரோ என்ஜின் உறிஞ்சும் காற்றில் ஆடுகிறது. அவற்றைத் தொடவில்லை. (ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் வைப்பர் சோம்பிப்போகும். அது பழுதல்ல, சுபாவம்!) 6 வோல்ட் செல்ஃப் மோட்டாருக்கு 12 வோல்ட் கொடுத்தால் வேகமாகச் சுற்றும், அப்படியே விட்டுவிடுகிறவர்களும் உண்டு. ஆனால் பற்சக்கரத்தில் அடி பலமாக விழும் என்பதால் மாமா அதன் சுருளை மாற்றிச் சுற்றக் கொடுத்தார். கைகாட்டி ஓட்டிய வண்டிக்கு இண்டிகேட்டரும் வந்தது.

டிங்கர் வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். தரைத் தகடும் படிப்பலகையும் அரித்துப்போயிருந்தன. வெட்டிப் புதிய தகடு வைத்துப் பற்றவைத்தார்கள். பின்பக்கத் தளம் மரப்பலகையால் ஆனது, நடுநடுவே இரும்புப் பட்டை. தச்சர் ஒருவர் தேக்கில் செய்து கொடுத்தார். சிறு பாகங்களின் துருவை நீக்கியது எங்களுக்கு மிகவும் பிடித்தது. பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச் சோடா கரைத்த நீர். துருப்பிடித்த பாகத்தை எதிர்முனையிலும், வேண்டாத இரும்புத் துண்டை நேர்முனையிலும் இணைத்துச் சார்ஜரை ஓடவிட்டால், மறுநாள் துரு கறுப்பு மாவாக உதிர்கிறது. நாம் படிக்கும் மின்னாற்பகுப்பேதான்! ஹைட்ரஜன் வாயு வருவதால் திறந்த வெளியில் செய்ய வேண்டும். எவர்சில்வர் துண்டை ஒருபோதும் பயன்படுத்தக்கூடாது, குரோமிய நஞ்சு நீரில் கலக்கும்.

பெயிண்ட் காய்ந்தபின் ஒரு வேடிக்கை. புத்தம் புதிய விளக்கு, புத்தம் புதிய ஒயர், விளக்கு எரியவில்லை. எலக்ட்ரீஷியன் அண்ணன் சிரித்துக்கொண்டே போல்ட்டைக் கழற்றி, அதன் அடியிலிருந்த அழகான பச்சைப் பெயிண்டைச் சுரண்டினார். வண்டியின் உடம்புதான் மின்சாரம் திரும்பும் வழி. பெயிண்டு மின்கடத்தாப் பொருள். இப்போது ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் ஒயர் உண்டு.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். 2021-இல் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கெனத் தனி விதிகள் வெளியிட்டது. இரு சக்கர வண்டிகளும் சொந்த உபயோகத்துக்கான நான்கு சக்கர வண்டிகளும் 50 ஆண்டு கடந்து மூல வடிவில் இருந்தால், ‘விஏ’ என்ற எழுத்துடன் பத்தாண்டுப் பதிவு கிடைக்கும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். வாடகைக்கோ வணிகத்துக்கோ ஓட்டக்கூடாது. நெல் மூட்டை ஏற்றிய பிக்கப் இதற்குள் வருமா என்பதை மாமா போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டிருக்கிறார். ‘மூல வடிவம்’ என்ற சொல்லை மனத்தில் வைத்து, எந்த இடத்திலும் புதிய துளை போடவில்லை. பழைய டைனமோ, கட்-அவுட், காயில் எல்லாம் எண்ணெய் தடவிய துணியில் சுற்றி, எங்கள் படத்தோடு ஒரு மரப்பெட்டியில் இருக்கின்றன. வேண்டுமானால் இரண்டே நாளில் 6 வோல்ட்டுக்குத் திரும்பிவிடலாம்.

ஆயா வண்டியில் ஏறிக் கடற்கரைச் சாலை வரை போய் வந்தார். ஏறுவதற்கு முன் டாஷ்போர்டின் அடியில் குனிந்து முகர்ந்து பார்த்தார் என்று தோழி சொன்னாள். மீதியிருப்பது பெட்ரோல் முள் மட்டுமே. அது 6 வோல்ட்டுக்குச் செய்தது. தக்க தடைச்சுருள் ஒன்றைத் தொடரில் இணைக்க வேண்டும். அது கிடைக்கும் வரை முள்ளின் இணைப்பைக் கழற்றி வைத்துவிட்டு, எத்தனை லிட்டர் போட்டோம், எத்தனை கிலோமீட்டர் ஓடினோம் என்று மாமா ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்துக்கொண்டு வருகிறார்.