கைத்துப்பாக்கிக்கு உரிமம்

இந்தியாவில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது குடிமக்களின் உரிமை அல்ல. ஆளையும் தேவையையும் ஆராய்ந்து அரசு தரும் அனுமதி. 1878இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியர்கள் உரிமமின்றி ஆயுதம் வைத்திருக்கத் தடை விதித்தது. ஐரோப்பியர்களுக்கு விலக்கு இருந்தது. விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தப் பாகுபாடு போனது, கெடுபிடி போகவில்லை. இன்றைய நடைமுறைகளை 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் வகுக்கின்றன.

விண்ணப்பதாரருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். மாவட்டங்களில் ஆட்சியரிடமும், சென்னை போன்ற மாநகரங்களில் காவல் ஆணையரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். வயது, முகவரி, அடையாளச் சான்றுகளோடு, உடலும் மனமும் நலமாக இருப்பதாக மருத்துவர் தரும் சான்றிதழும், ஆயுதத்தைப் பாதுகாப்பாகப் பூட்டிவைப்பதாக உறுதிமொழியும் தேவை.

இந்தக் காகிதங்களைச் சேர்ப்பது பெரிய வேலையல்ல. துப்பாக்கி எதற்கு என்ற கேள்விக்குப் பதில் சொல்வதில்தான் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுகிறார்கள். பணக்காரர், பிரமுகர் என்பதெல்லாம் காரணமாகாது. உயிருக்கு உண்மையான ஆபத்து இருப்பதையோ, தொழில் அல்லது விளையாட்டுக்குத் தேவை என்பதையோ காட்ட வேண்டும். மிரட்டல் குறித்து முன்பே காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருந்தால் அது கைகொடுக்கும். விண்ணப்பதாரர் மீது வழக்குகள் உண்டா, அவர் நடத்தை எப்படி, சொல்லும் ஆபத்து மெய்தானா என்று காவல்துறை விசாரித்து அறிக்கை அனுப்பும். அந்த அறிக்கைதான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது.

சொத்து இல்லை என்பதை மட்டும் காரணம் காட்டி உரிமத்தை மறுக்க முடியாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். மறுக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம்.

உரிமம் கைக்கு வந்த பிறகே கடைக்குப் போக முடியும். அங்கும் விரும்பியதை வாங்கிவிட முடியாது. 9 மி.மீ. பிஸ்டல் போன்றவை தடைசெய்யப்பட்ட ரகத்தைச் சேர்ந்தவை. பொதுமக்கள் பெரும்பாலும் வாங்குவது புள்ளி 32 ரக ரிவால்வர் அல்லது பிஸ்டல். கான்பூர் அரசுத் தொழிற்சாலை 2014இல் பெண்களை மனத்தில் வைத்து வெளியிட்ட 'நிர்பீக்' ரிவால்வரும் இந்த ரகம்தான். அதன் விலை ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் இருந்ததால், ஆபத்தில் இருக்கும் சாமானியப் பெண்கள் பலருக்கு அது எட்டவில்லை. சட்டப்படி விற்க உரிமை உள்ளவரிடம் மட்டுமே வாங்க வேண்டும்; துப்பாக்கியின் எண் உரிமத்தில் ஏறும். தோட்டாக்களுக்கும் வரம்பு உண்டு.

2019ஆம் ஆண்டுத் திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. உரிமக் காலத்தை மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகளாக நீட்டியது. திருமணம், திருவிழாக் கொண்டாட்டங்களில் பிறர் உயிருக்கு ஆபத்தாகும்படி சுடுவதையும் அது தண்டனைக்குரிய குற்றமாக்கியது. தேர்தல் வந்தால் உரிமதாரர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்படி கேட்பது வழக்கம்.

உரிமதாரர் இறந்துவிட்டால் துப்பாக்கி வாரிசுக்குச் சேரலாம், உரிமம் சேராது. அப்பாவின் துப்பாக்கிதானே என்று பீரோவில் வைத்திருப்பதும் குற்றம். அதை உடனே காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைத்துவிட்டு, வேண்டுமானால் தம் பெயரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.