குவார் கெப்பா: மட்டி மேட்டில் ஒரு கல்லறை

வடக்கு மலாய் வழக்கில் 'குவார்' என்றால் மேட்டு நிலம். 'கெப்பா' ஒரு வகை மட்டி. மலேசியாவின் பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில், கெப்பாலா பத்தாசுக்கு அருகே மூடா ஆற்றை ஒட்டியுள்ள குவார் கெப்பாவுக்கு அந்தப் பெயர் அப்படியே பொருந்தும். புதிய கற்கால மக்கள் தின்றுவிட்டுப் போட்ட மட்டி ஓடுகள் இங்கே மூன்று மேடுகளாகக் குவிந்திருந்தன.

ஏறத்தாழ 5,000 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிட உயரமாக இருந்தது. இன்று உள்நாடாகத் தெரியும் இவ்விடம் அப்போது கரையை ஒட்டிய நிலம். ஆற்று முகத்துவாரத்தில் அள்ளிய மட்டியே அம்மக்களின் அன்றாட உணவு. ஓடுகளைப் போட்ட அதே மேட்டில்தான் இறந்தவர்களையும் அடக்கம் செய்தார்கள். அதைக் குப்பைமேடு என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

எலும்புகள் இத்தனை காலம் தாங்கியதற்கும் அந்த ஓடுகளே காரணம். வெப்பமண்டல மழை மண்ணை அமிலத்தன்மை கொண்டதாக்கும். அந்த அமிலத்தில் எலும்பு கரைந்துபோகும். ஓட்டில் இருப்பதோ கால்சியம் கார்பனேட். நீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து அது அமிலத்தை முறித்துவிடுகிறது. மேடுகளுக்கு வினையாக வந்ததும் இதே பொருள்தான். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் சுவருக்குப் பூசும் சுண்ணாம்பும் முன்பு கிளிஞ்சலைச் சுட்டு எடுக்கப்பட்டவை. 19ஆம் நூற்றாண்டில் காளவாய்க்காரர்கள் இந்த ஓடுகளை வெட்டி அள்ளினார்கள். ஓட்டோடு போன எலும்புகளுக்குக் கணக்கே இல்லை. பெரிய இழப்பு இது.

1860 வாக்கில் பிரிட்டிஷ் அதிகாரி ஜார்ஜ் வின்சர் ஏர்ல் இம்மேடுகளைப் பற்றி எழுதினார். இங்கே கிடைத்த எலும்புகளை இங்கிலாந்தில் ஆராய்ந்தவர், டார்வினின் நண்பர் தாமஸ் ஹக்ஸ்லி. 1934இல் டச்சு ஆய்வாளர் வான் ஸ்டெயின் கலென்ஃபெல்ஸ் முறையாக அகழ்ந்தார். கயிற்றுத் தடம் பதித்த பானை ஓடுகள், தேய்த்து மெருகிட்ட கற்கோடரிகள், அரைக்கும் கற்கள் கிடைத்தன. சில எலும்புகளில் செங்காவி பூசியிருந்தது. 41 பேரின் எலும்புகள் நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குப் போய்ச் சேர்ந்தன.

மேடுகள் ஏறக்குறைய தரைமட்டமான பிறகும் அடியில் ஒருவர் மிச்சமிருந்தார். 2017 ஏப்ரலில், இங்கே காட்சியகம் கட்டும் பணியின்போது ஒரு பெண்ணின் எலும்புக்கூடு வெளிப்பட்டது. கைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. சுற்றிலும் பானைகளும் கற்கருவிகளும் மட்டி ஓடுகளும் இருந்தன. மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவருக்கு இட்ட பெயர் 'பினாங்குப் பெண்'.

தமிழ்நாட்டின் ஆதிச்சநல்லூரில் கிடைத்த ஈமத் தாழிகள் இரும்புக் காலத்தவை. பினாங்குப் பெண் அவற்றைவிட மூத்தவர். பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனின் வரலாற்றை 1786இல் ஆங்கிலேயரான பிரான்சிஸ் லைட் வந்திறங்கியதிலிருந்து தொடங்குவது வழக்கம். பினாங்கின் வரலாற்றை இந்தப் பெண்ணிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.