மருந்தில்லா மருத்துவம்: சினைப்பை நீர்க்கட்டி உள்ள பெண்களுக்கு ஒரு விளக்கம்

பினாங்கில் 30 ஆண்டுகளுக்கு மேல் தாதியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். அன்னதானத்திற்குக் காய்கறி நறுக்க ஆலயத்தில் அமரும் வேளைகளில், தாய்மார்கள் அருகில் வந்து தணிந்த குரலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அக்கா, மகளுக்கு மூன்று மாதமாக வரவே இல்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்து நீர்க்கட்டி என்கிறார்கள். மருந்து இல்லாமல் குணப்படுத்த வழி இருக்கிறதா?"

இதற்குப் பதில் சொல்லுமுன் என் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் அண்ணன் மகளுக்கு 17 வயதானபோது அண்ணி இதே கேள்வியை என்னிடம் கேட்டார். "கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் அண்ணி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வெள்ளைச் சீருடை அணிந்தவள் சொன்ன வார்த்தை என்பதால் வீட்டில் வேறு யாரையும் கேட்கவில்லை. 24 வயதில் அந்தப் பெண் வேலைக்குச் சேர இரத்தப் பரிசோதனை செய்தபோது, நீரிழிவின் வாசலில் நிற்கிறாள் என்று தெரிந்தது. அந்த ஏழு ஆண்டுகளை அவளுக்கு என்னால் திருப்பித் தர இயலாது. அதனால்தான் இக்கட்டுரையை எழுத முற்பட்டேன்.

இந்நோய் யாது?

1935ஆம் ஆண்டில் சிகாகோ நகரத்து மருத்துவர்களான ஸ்டெய்ன், லெவெந்தால் ஆகிய இருவரும் இந்நிலையை விவரித்து எழுதினார்கள். இன்று இதனை பி.சி.ஓ.எஸ். என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, பிள்ளைப்பேற்று வயதில் உள்ள பெண்களில் 100க்கு 10 முதல் 13 பேர் வரை இதற்கு ஆளாகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தங்களுக்கு இது இருப்பதையே அறியாதவர்கள்.

'நீர்க்கட்டி' என்ற பெயரே பலரைக் கலங்க வைக்கிறது. உண்மையில் இவை கட்டிகள் அல்ல. முதிர்ச்சி அடையாமல் பாதியில் நின்றுபோன சிறு முட்டைப் பைகளே ஸ்கேன் படத்தில் அப்படித் தெரிகின்றன. ஆகவே, அறுவை செய்து கட்டியை எடுத்தால் நோய் தீர்ந்துவிடும் என்று எண்ணுவது சரியன்று.

இவை ஏன் பாதியில் நிற்கின்றன? நாம் உண்ணும் சர்க்கரையை உடலின் அணுக்களுக்குள் செலுத்தும் சாவி இன்சுலின். இந்நோய் உள்ள பலருக்கு அந்தச் சாவி பூட்டில் எளிதாகத் திரும்புவதில்லை. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. மிகுதியான இன்சுலின் சினைப்பையைத் தூண்ட, எல்லாப் பெண்களிடமும் சிறிதளவே இருக்கும் ஆண்மை ஹார்மோன் கூடிவிடுகிறது. அதனால் முட்டை முதிர்வது தடைப்பட்டு மாதவிலக்கு தள்ளிப்போகிறது. முகப்பருவும், மோவாயில் உரோமமும், தலைமுடி உதிர்தலும் இந்த ஹார்மோனின் விளைவுகளே. இது பரம்பரையாகவும் வரக்கூடியது. அந்தப் பெண் செய்த தவறோ முன்வினையோ அன்று.

உணவே முதற்படி

2023ஆம் ஆண்டில் வெளியான அனைத்துலக மருத்துவ வழிகாட்டி, உணவு, உடற்பயிற்சி முதலிய வாழ்க்கைமுறை மாற்றங்களை இந்நோய் உள்ள அனைவருக்கும் பரிந்துரைக்கிறது. இதற்கென்று தனிச்சிறப்பான பத்திய உணவு எதுவும் இல்லை என்பதையும் அதே வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது. நீண்ட நாள் விடாமல் கடைப்பிடிக்கக்கூடிய சமச்சீர் உணவே போதும்.

நம் வீட்டுத் தட்டில் தொடங்குவோம். தட்டில் பாதி காய்கறி, பழம். கால் பங்கு சோறு. கால் பங்கு பருப்பு, பயறு, மீன் அல்லது முட்டை. நம்மில் பலருடைய தட்டில் முக்கால் பங்கு சோறாகவே இருப்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாமாக் கடையில் டின் பால் ஊற்றிய தே தாரிக்கிற்குப் பதிலாகத் தே ஓ கோசோங் கேட்டுப் பழகலாம். என் அண்ணன் மகள் முதலில் மாற்றியது இதைத்தான். நாளொன்றுக்கு மூன்று கிளாஸ் இனிப்புத் தேநீர் அருந்தியவள் அவள்.

பருமனாக உள்ளவர்கள் உடல் எடையில் 100க்கு 5 முதல் 10 பங்கு குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு சீரடையத் தொடங்குகிறது. 80 கிலோ உள்ளவருக்கு 4 முதல் 8 கிலோதான். ஒல்லியான பெண்களுக்கும் இந்நோய் வருவதுண்டு. அவர்கள் பட்டினி கிடந்து எடையைக் குறைக்க வேண்டியதில்லை; சத்தான உணவும் உடற்பயிற்சியும் போதும்.

நடையும் படியும்

வாரத்தில் 150 நிமிடம் வேகமான நடை போன்ற பயிற்சியும், ஒருநாள் விட்டு ஒருநாளாக இரண்டு நாள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும். உழைக்கும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. இன்சுலினின் வேலைச் சுமை குறைகிறது. எடை குறையாவிட்டாலும் இப்பலன் உண்டு.

நானும் அவளும் வாரம் மூன்று நாள் மாலையில் நடந்தோம். ஞாயிறுதோறும் தண்ணீர்மலையின் 513 படிகளையும் ஏறினோம். முதல் வாரம் நான்கு இடங்களில் அமர்ந்தோம். "அத்தை, சாமி ஏன் இவ்வளவு உயரத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார்?" என்று மூச்சு வாங்கக் கேட்டாள். மூன்றாம் மாதம் அவள் மேலே நின்று எனக்காகக் காத்திருந்தாள்.

யோகமும் உறக்கமும்

ஆந்திர மாநிலத்தில் 15 முதல் 18 வயது வரையிலான 90 மாணவியரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினர் 12 வாரம் யோகப் பயிற்சியும், மற்றொரு பிரிவினர் சாதாரண உடற்பயிற்சியும் செய்தனர். யோகம் பயின்றவர்களுக்கு ஹார்மோன் அளவுகள் கூடுதலாகச் சீரடைந்தன. ஆய்வு சிறியது என்றாலும் ஊக்கம் தருவது. யோகம் மனத்துக்கும் நல்லது. இந்நோய் உள்ள பெண்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் மிகுதி. அவர்கள் முன்னிலையில் எடையையும் மோவாய் உரோமத்தையும் கேலி பேசாதிருப்பது உறவினர்களாகிய நாம் செய்யக்கூடிய மருத்துவம்.

இரவில் போதிய உறக்கமும் அவசியம். பலத்த குறட்டையும் பகலில் தூக்கக் கலக்கமும் இருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

எதை நம்பக் கூடாது?

அக்குபஞ்சர் பற்றிப் பலர் கேட்கிறார்கள். சீனாவில் 1,000 பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2017இல் வெளியானது. அக்குபஞ்சரால் பிள்ளைப்பேறு கூடவில்லை என்பதே அம்முடிவு. 'கட்டியைக் கரைக்கும்' பொடிகளுக்கு என் அண்ணி செலவழித்த பணத்தில் ஒரு தங்கச் சங்கிலி வாங்கியிருக்கலாம். மலேசியாவில் பதிவு பெற்ற பாரம்பரிய மருந்துகளில் 'மால்' எனத் தொடங்கும் பதிவு எண் அச்சிடப்பட்டிருக்கும். அது இல்லாததை வீட்டிற்குள் விடாதீர்கள்.

மருந்து எப்போது வேண்டும்?

மருந்தில்லா மருத்துவத்திற்கும் எல்லை உண்டு. மாதவிலக்கு மூன்று மாதத்திற்கு மேல் வராதிருந்தால் கருப்பையின் உள்தோல் தடித்துக்கொண்டே போகும். நாளடைவில் அது புற்றுநோய்க்கும் வழிவகுக்கலாம். ஆகவே காத்திருக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றையும் தவறாமல் சோதிக்க வேண்டும். பிள்ளைப்பேறு தாமதமானால் முட்டையை முதிரச் செய்யும் நல்ல மாத்திரைகள் இன்று உள்ளன. மருத்துவர் தந்த மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது. உணவும் நடையும் அம்மருந்துக்குத் துணை; பகை அல்ல.

என் அண்ணன் மகள் எட்டு மாதத்தில் 78 கிலோவிலிருந்து 72 கிலோவுக்கு இறங்கினாள். சர்க்கரை அளவு சீரானது. மாதவிலக்கு 35, 40 நாளுக்கு ஒருமுறை வருகிறது. மோவாய் உரோமம் முற்றாகப் போகவில்லை. இந்நோய் அடியோடு நீங்குவதன்று, அடக்கி ஆளக்கூடியது. வரன் பார்க்க வந்தபோது இதை மறைக்கலாம் என்றார் அண்ணி. அவளோ மாப்பிள்ளையிடம் தானே எடுத்துச் சொன்னாள். அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஞாயிற்றுக்கிழமை மலையேற நானும் வரலாமா?"

அன்பர்களே, தைப்பூசத்திற்கு 48 நாள் நோன்பு இருக்கத் தெரிந்தவர்கள் நாம். நாவடக்கமும் உடல் உழைப்பும் நமக்குப் புதியன அல்ல. 49ஆம் நாள் பழைய வழக்கத்திற்குத் திரும்பாதிருப்பதே இங்கு வேண்டுவது. அன்னதான உபயம் ஏற்கும் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம்: பாயசத்தைச் சற்றே குறைத்து, ஒரு காய்கறிக் கூட்டும் சுண்டலும் சேர்த்துப் பரிமாறச் சொல்லுங்கள். அந்தப் பந்தியில் நம் பெண் பிள்ளைகளும் அமர்ந்திருக்கிறார்கள்.

தாய்மார்களே, மகள் சொல்லும்போது கேளுங்கள். "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.